அந்துவான் இலவாசியே

காவிரியின் கிளையாறாகிய அரசலாறு கடலொடு கலக்கும் காரைக்காற் பட்டினத்தைப் பிரெஞ்சு வணிகக் கழகத்தார் 1739-ஆம் ஆண்டில் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பெற்றனர். துணி வாணிகமே அவர்தம் முதன்மையான நோக்கம். ஆயினும், அந்நாளில் இந்திய நாட்டினின்றும் ஐரோப்பாவுக்குச் சென்ற கப்பல்களின் அடித்தட்டில், துணிப் பொதிகளுக்குங் கீழே, கப்பல் நிலைபெறுதற்குப் பாரமாக ஏற்றப்பெற்ற பண்டம் ஒன்று உண்டு. அதுவே வெடியுப்பு. வெண்ணிறமுடைய இவ்வுப்பு, பீகார் நாட்டிற் பாட்னா நகரைச் சூழ்ந்த ஊர்களின் உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுக்கப்பெற்றது. இதனொடு கந்தகமும் கரியும் சேர்ந்தால் வெடிமருந்தாகும். வெடியுப்பு இல்லாத வேந்தனுக்குப் பீரங்கிகள் ஆயிரம் இருந்தும் பயனில்லை.

1757-ஆம் ஆண்டில் வங்கத்தில் ஆங்கிலேயர் கை ஓங்கியது. 1760-இல் காரைக்கால் அவர்தம் படைக்கு வீழ்ந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திற் புதுச்சேரியும் வீழ்ந்தது. 1763-இற் பாரிசு மாநகரில் எழுதப்பெற்ற உடன்படிக்கையின்படி ஊர்கள் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தன. வெடியுப்பு வாணிகமோ திரும்பக் கிடைத்திலது. பிரான்சு தன் சொந்த மண்ணிலேயே வெடியுப்பைத் தேட வேண்டியதாயிற்று. அத்தேட்டத்தைத் தலைமேற்கொண்டவர், வேதியியலின் தந்தை என இன்று உலகம் போற்றும் அந்துவான் இலவாசியே ஆவார்.

இலவாசியே 1743-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26-ஆம் நாள் பாரிசு நகரில் வழக்கறிஞர் ஒருவரின் மைந்தராகப் பிறந்தார். ஐந்து வயதிலே அன்னையை இழந்தார். அன்னையின் தங்கையார் மணம் செய்துகொள்ளாது இருந்து இவரை வளர்த்தார். மசாரேன் கல்லூரியிற் பயின்ற பின்னர்த் தந்தையின் விருப்பப்படி சட்டம் கற்றுத் தேறினார். எனினும் வழக்குமன்றம் அவர் உள்ளத்தைக் கவரவில்லை. வானியலும், நிலவியலும், வேதியியலும் தக்க ஆசிரியர்களை அடுத்துக் கற்றார். பாரிசு நகர வீதிகளுக்கு இரவில் விளக்கு ஏற்றுதற்குச் சிறந்த வழி யாது என்று அறிவியற் கழகத்தார் வினா ஒன்று எழுப்பியபோது, இளைஞர் இலவாசியே எழுதிய கட்டுரை 1766-இல் மன்னரின் பொற்பதக்கத்தைப் பெற்றது. 1768-இல், தம் இருபத்தைந்தாம் வயதில், அக்கழகத்திலேயே உறுப்பினரானார்.

அதே ஆண்டில் அவர் மற்றொரு செயலும் செய்தார். மன்னருக்காக உப்புவரி, புகையிலைவரி முதலியவற்றைத் தண்டும் குத்தகைக் கூட்டம் ஒன்று அந்நாளில் இருந்தது. அக்கூட்டத்திற் பொருள் கொடுத்து ஒரு பங்கு வாங்கினார். ஆராய்ச்சிக்கு வேண்டும் செல்வம் அதனால் வந்தது. அவர் உயிருக்கு வினையும் அதனாலேயே வந்தது. குத்தகைக்காரருள் ஒருவரும், இந்திய வணிகக் கழகத்தின் இயக்குநருமாகிய போல்சு என்பாரின் மகள் மரி ஆன் அம்மையாரை 1771-இல் மணந்தார். மணநாளில் அம்மையாருக்கு வயது பதின்மூன்றே. நம் நாட்டிற் போலவே அங்கும் அந்நாளில் அவ்வழக்கம் இருந்தது. அம்மையார் ஆங்கிலம் கற்றுக் கணவருக்காக நூல்களை மொழிபெயர்த்தார். ஓவியங் கற்று அவர்தம் ஆய்வுக் கருவிகளை வரைந்தார். காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரையும், மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரையும் ஆராய்ச்சி. இடைப்பட்ட பொழுதெல்லாம் அலுவல். வாரத்தில் ஒரு நாள் மட்டும் முழுதும் ஆராய்ச்சிக்கே உரியது. இதுவே அவ்விருவரின் வாழ்க்கை முறை.

இலவாசியே கைக்கொண்ட படைக்கலம் துலாக்கோல். வேதியியலார் பலர் நிறத்தையும் மணத்தையும் கண்டு பொருள்களை ஆராய்ந்த காலத்தில், அவர் நிறையை அளந்தார். பொருள் எரியும்போது அதனினின்று நெருப்புப்பொருள் ஒன்று வெளியேறுகின்றது என்பது அக்காலத்தார் கொள்கை. அங்ஙனமாயின் எரிந்த பின் நிறை குறைதல் வேண்டும். ஈயத்தையும் வெள்ளீயத்தையும் காய்ச்சினால் நிறை கூடுவது ஏன்? இலவாசியே பாதரசம் 4 அவுன்சு எடுத்து, வளைந்த கழுத்துடைய கண்ணாடிக் குடுவையிலிட்டு, 12 நாள் இடைவிடாது காய்ச்சினார். பாதரசத்தின்மேற் செந்நிறப் பொடி படிந்தது. குடுவையினுட் காற்றின் அளவு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தது. அப்பொடியை மட்டும் எடுத்து மிகுதியாகச் சூடேற்றியபோது, குறைந்த அளவு காற்று மீண்டும் வெளிவந்தது. அக்காற்றில் மெழுகுதிரி கண்கூசும் ஒளியொடு எரிந்தது. எரிதல் என்பது பொருளொன்று இக்காற்றொடு கூடுதலே என்று அவர் நிறுவினார். அதற்கு ஆக்சிஜன் என்று பெயரிட்டவரும் அவரே. நாம் உயிர்வளி என்கின்றோம்.

இவ்விடத்து ஒன்று கூறாது விடுதல் முறையன்று. செந்நிறப் பொடியினின்று வரும் அக்காற்றை இங்கிலாந்து நாட்டுப் பிரீசுட்லி என்பார் முன்னரே கண்டு, 1774-இல் இலவாசியேயின் இல்லத்து விருந்தின்போது அவரிடமே கூறியிருந்தார். அடுத்த ஆண்டில் இலவாசியே கழகத்திற் படித்த கட்டுரையில் அவர் பெயர் இல்லை. அதன் உண்மை இயல்பை உணர்ந்தவர் இலவாசியேதான் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் கண்டவரின் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

இனி வெடியுப்புக்கு வருவோம். 1775-இல் நிதியமைச்சர் துர்கோ, வெடிமருந்துக் குத்தகையைத் தனியாரிடமிருந்து மீட்டு அரசின் பொறுப்பிற் கொண்டுவந்தார். அதனை நடத்த அமர்த்தப்பட்ட நால்வருள் இலவாசியே ஒருவர். அவர் பாரிசு நகரப் படைக்கலச் சாலைக்கே குடிபெயர்ந்தார். வீடும், ஆய்வுக்கூடமும், வெடிமருந்துக் கிடங்கும் அடுத்தடுத்து இருந்தன. அதற்குமுன் வெடியுப்பு எடுப்போர் குடிமக்களின் தொழுவங்களிலும் நிலவறைகளிலும் புகுந்து, மண்ணைத் தோண்டியும் சுவரைச் சுரண்டியும் தொல்லை விளைத்து வந்தனர். புதிய ஆட்சியார் அத்தொல்லையைக் குறைத்து, சாணமும் சாம்பலும் கலந்த மண்மேடுகளில் வெடியுப்பை விளைவிக்கும் முறையைப் பரப்பினர். சில ஆண்டுகளிற் பிரான்சின் வெடிமருந்து அளவாலும் தரத்தாலும் உயர்ந்தது. ஆங்கிலேயரை எதிர்த்து அமெரிக்கர் நடத்திய விடுதலைப் போருக்குச் சென்ற மருந்தில் ஒரு பெரும்பகுதி பிரான்சினின்று சென்றதே.

வெடியுப்பு செய்யும் வேலையை மாணவர்கள் இப்போது எளிதில் உணர்வர். கரியும் கந்தகமும் எரிவதற்கு உயிர்வளி வேண்டும். துப்பாக்கிக் குழாயினுட் காற்றுப் புகாது. ஆகவே உயிர்வளியைத் தன்னுள் அடக்கிவைத்துச் சூடேறியவுடன் உமிழும் உப்பொன்று உடனிருத்தல் வேண்டும். அதுவே வெடியுப்பு. நெருப்புப் படும்வரை அது ஓரளவு அமைதியாய் இருப்பது.

இலவாசியேயின் நண்பரும் பெரும் வேதியியலாருமாகிய பெர்த்தொலே, அவ்வாறு அமைதியில்லாத உப்பு ஒன்றைக் கண்டார். குளோரின் என்னும் பசுமஞ்சள் வளியைப் பொட்டாசுக் கரைசலிற் செலுத்திப் பெறப்பெற்ற அவ்வுப்பினை இன்று பொட்டாசியம் குளோரேட்டு என்பர். வெடியுப்பினும் எளிதாக இது தன் உயிர்வளியை விடும். கரியொடும் கந்தகத்தொடும் கூடியபோது, நெருப்பே வேண்டுவதில்லை; ஓர் அடி, ஓர் உராய்வு போதும். இந்திய வெடியுப்பை இழந்த நாடு, அதனினும் ஆற்றல் மிக்க ஒன்றைத் தன் ஆய்வுக்கூடத்திற் கண்டது என மகிழ்ந்தது. பாரிசுக்குத் தெற்கேயுள்ள எசொன் என்னும் ஊரின் வெடிமருந்து ஆலையில் அதனைச் சோதிக்க முடிவாயிற்று.

1788-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 27-ஆம் நாள். இலவாசியே, அவர்தம் மனைவியார், பெர்த்தொலே, ஆலைத் தலைவர் இலெத்தோர், செவ்ரோ என்னும் நங்கை ஆகியோர் காலையிலேயே அங்குக் கூடினர். உரலில் இட்ட கலவையை மரவுலக்கை இடிக்கத் தொடங்கியது. பார்ப்போரைக் காக்கப் பருத்த மரப்பலகைகளாலான தடுப்பு ஒன்று நடுவே நிறுத்தப்பெற்றிருந்தது. இலெத்தோர் தம் தொழிலிற் பழகியவர். பழக்கம் அச்சத்தைத் தின்றுவிடும். உரலின் விளிம்பில் ஒட்டிய மருந்தை அவர் தம் கைத்தடியின் நுனியால் தள்ளிவிட்டார் என்றும், இலவாசியே அதனைக் கண்டு தடுத்தார் என்றும் கூறுவர். சிறிது நேரங் கழித்து, எல்லோரும் காலையுணவு கொள்ளச் சென்றனர். உணவு முடிந்து திரும்பியபோது இலெத்தோரும் அந்நங்கையும் முன்னே சென்றனர். மற்றையோர் சற்றே பின்தங்கினர். அந்தச் சிறு பொழுதில் உரல் வெடித்தது. ஆலைக்கூடம் சிதறியது. முன்சென்ற இருவரும் மாண்டனர். இலவாசியேயும் அவர் மனைவியாரும் பெர்த்தொலேயும் உயிர்பிழைத்தது அச்சில அடித் தொலைவினால்தான்.

இலவாசியே நடந்ததனை அமைச்சருக்கு எழுத்தில் அறிவித்தார். அவரைக் குறைகூறுவது எளிது. முழுதும் விடுவிப்பதும் எளிது. இரண்டும் பொருந்தா. தடுப்புப் பலகை வைக்க நினைந்த அறிவு பாராட்டற்குரியது. ஆயின் பலகை தன் பின்னே நிற்பாரையே காக்கும். சுற்றிக்கொண்டு முன்னே வருவாரைக் காவாது. அடிபட்டால் வெடிக்கும் பொருள் என்று அறிந்தும் அதனை உலக்கையால் இடிப்பித்ததும், அச்சோதனையைத் திருவிழாப் போலக் காண விருந்தினரை அழைத்ததும், உரல் இயங்கும்போதே அதனருகே மீண்டும் சென்றதும் தவறேயாகும். எரிதலின் இயல்பை உலகில் அவரினும் நன்கு அறிந்தார் அன்று எவரும் இலர். நிறையளப்பதில் ஒரு கடுகளவும் விடாதவர், ஆள்நிற்கும் தொலைவை அளவாது விட்டார்.

பெர்த்தொலேயின் உப்பு துப்பாக்கி மருந்தாக நிலைபெறவில்லை. ஆயினும் அதன் குற்றமே பின்னர்க் குணமாயிற்று. இசுக்காத்துலாந்து நாட்டுப் பாதிரியார் பார்சைது என்பார், அடித்தால் வெடிக்கும் பொருளைச் சிறிதே வைத்து, அதன் பொறியால் துப்பாக்கியின் பெருமருந்தைப் பற்றவைக்கும் முறைக்கு 1807-இல் உரிமை பெற்றார். அதினின்று தோன்றியதே தோட்டாவின் அடியிற் பொருத்தப்பெறும் சிறு செம்புத் தொப்பி. நம் ஊரிற் கேப்பு என்பர். பெர்த்தொலேயின் உப்பு நெடுங்காலம் அத்தொப்பிகளில் இடம்பெற்றது. துப்பாக்கிக் குழாயைத் துருப்பிடிக்கச் செய்ததனாற் பின்னர் வேறு பொருள்கள் அதன் இடத்தைப் பெற்றன. பொருள் மாறினும் இயல்பு மாறவில்லை. அமெரிக்கா முதலிய நாடுகளில் வேட்டையாடுவோருட் சிலர் வெற்றுத் தோட்டாக்களைத் தம் இல்லத்திலேயே மீண்டும் நிரப்பிக்கொள்வர். நம் நாட்டில் உரிமம் இன்றி அது குற்றம். அங்கும் அறிவுடையோர், தொப்பிகளைச் செய்தவர் அடைத்துக் கொடுத்த பெட்டியினின்று எடுத்து வேறொரு புட்டியிற் குவித்து வையார். பெட்டியில் ஒவ்வொரு தொப்பியும் தனித்தனிக் குழியில் இருக்கும். குவித்து வைத்தாலோ ஒன்று வெடிக்க எல்லாம் ஒருங்கே வெடிக்கும். கண்ணுக்குக் காப்பணிந்தே அவர்கள் அவற்றைத் தொடுவர். பொருந்தாத தொப்பியை வலிந்து அழுத்தார். பெருமருந்தை அவற்றின் அருகே திறந்து வையார். நம் சிறுவர் தீபாவளி நாளிற் கல்லால் அடித்து மகிழும் பொட்டுவெடியும் இக்குடியிற் பிறந்ததே. பொட்டுக்களைச் சுரண்டி, மருந்தை ஒன்றாகத் திரட்டி அடித்துப் பார்க்கும் விளையாட்டில் விரல் இழந்தாரும் விழி இழந்தாரும் உளர். பட்டாசுத் தொழிலிற் கந்தகத்தையும் குளோரேட்டையும் கலத்தலை இந்திய அரசு 1992-இல் தடைசெய்ததும் இவ்வியல்பு கருதியே. தீக்குச்சியின் தலையில் மட்டும் அவ்வுப்பு அளவொடு அமர்ந்து, நாள்தோறும் நம் அடுப்பை ஏற்றுகின்றது.

எசொன் ஆலையில் இலவாசியேயிடம் தொழில் பயின்ற இளைஞர் டூபாண்ட் என்பார் பிற்காலத்தில் அமெரிக்காவுக்குச் சென்று, 1802-இல் ஆற்றங்கரையொன்றில் வெடிமருந்து ஆலை நிறுவினார். அவர் கட்டிய கூடங்களுக்கு மூன்று பக்கம் பருத்த கற்சுவர். ஆற்றை நோக்கிய நான்காம் பக்கமும் கூரையும் மெல்லிய மரம். வெடித்தால் ஆற்றல் ஆளில்லாத ஆற்றின்மேற் செல்லும். வெடி நிகழாது என்று நம்பாமல், நிகழும் என்றே எண்ணிக் கட்டியவை அவை.

1789-இற் பிரெஞ்சுப் புரட்சி எழுந்தது. இலவாசியேயின் பெருநூலாகிய வேதியியல் முதனூல், மனைவியார் வரைந்த படங்களொடு அவ்வாண்டிலேயே வெளிவந்தது. வெடிமருந்து அவரை அவ்வாண்டும் விடவில்லை. ஆகஸ்டுத் திங்களில், படைக்கு உதவாத தாழ்ந்த மருந்தைப் படகில் ஏற்றி வெளியூர்க்கு அனுப்பி, எசொனினின்று நல்ல மருந்தைக் கொணர ஏற்பாடாயிற்று. மக்கள் அதனை அறியாது, நகரின் மருந்தைப் பகைவர்க்குக் கடத்துகின்றனர் என்று கொதித்தெழுந்தனர். இலவாசியேயும் உடன்பணியாளரும் நகர மன்றத்துக்குக் கொண்டுசெல்லப்பெற்றனர். உண்மையை விளக்கியே உயிர் மீண்டனர்.

ஆயினும் வரிக்குத்தகையின் பழி தீரவில்லை. கள்ளக் கடத்தலைத் தடுக்கப் பாரிசைச் சுற்றி மதில் எழுப்புமாறு முன்னர் அவர் கூறிய யோசனையை ஏழைமக்கள் மறந்திலர். 1793-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிற் பழைய குத்தகைக்காரரைச் சிறைசெய்ய ஆணை பிறந்தது. சில நாள் மறைந்திருந்த இலவாசியே தாமே சென்று சரணடைந்தார். 1794-ஆம் ஆண்டு மேத் திங்கள் 8-ஆம் நாள் ஒரே பகலில் விசாரணையும் தீர்ப்பும் தண்டனையும் முடிந்தன. இருபத்தெண்மர் தலைகள் வரிசையாக வெட்டுண்டன. மாமனார் போல்சு மூன்றாமவர், இலவாசியே நான்காமவர். அவருக்கு வயது ஐம்பது. அதே நாள்களிற் புரட்சி அரசு வெடியுப்புக்காக நாடெங்கும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. பெர்த்தொலே முதலிய அவர் நண்பர்களே அப்பணிக்கு வழிகாட்டினர். நண்பர்களுட் சிலர் அஞ்சி வாய்மூடியிருந்தனர் என்பது வருந்தத்தக்க செய்தி.

உடல் பொதுக்குழியிற் புதைக்கப்பெற்றது, கல்லறை இல்லை. தந்தையையும் கணவரையும் ஒரே நாளில் இழந்த மரி ஆன் அம்மையாரின் உடைமைகளும் பறிக்கப்பெற்றன. பின்னர் அவை மீண்டபோது, கணவர் சிறையிலிருந்து திருத்திக்கொண்டிருந்த கட்டுரைகளைத் தொகுத்து, 1805-ஆம் ஆண்டளவில் இரு தொகுதிகளாக அச்சிட்டார். நூலை விற்கவில்லை, தக்க அறிஞர்களுக்குத் தாமே வழங்கினார். இரம்பர்டு என்னும் அறிவியலாளரை மணந்தார், அம்மணம் நிலைக்கவில்லை. முதற் கணவரின் பெயரை மட்டும் கடைசிவரை விடாது வைத்துக்கொண்ட அம்மையார், 1836-இல் பாரிசு நகரிலே காலமானார்.